ஸ்டாண்ட்பையில் சிகாகோ: விமான ஊழியரின் பெற்றோருக்குக் கிடைக்கும் சலுகை யாருக்குச் சரிப்படும்?

என் மகள் சிகாகோவில் ஒரு அமெரிக்க விமான நிறுவனத்தில் லோடு பிளானர். புறப்படப்போகும் விமானத்தில் எவ்வளவு எரிபொருள், எவ்வளவு சரக்கு, எத்தனை பேர், எந்த எடை எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று கணக்குப் போடும் வேலை. அந்த வேலையோடு சேர்ந்து வரும் குடும்பப் பயணச் சலுகையை நானும் என் வீட்டுக்காரரும் சில ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறோம். திருச்சியில் எங்களைப் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் "உங்களுக்கென்ன, ஃப்ரீ டிக்கெட்" என்கிறார்கள். இன்னும் சிலர், தங்கள் பிள்ளைக்கும் விமான நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது, இதை நம்பிக் கிளம்பலாமா என்று உட்கார்ந்து விவரம் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவள். ஒரு திட்டத்தைப் பற்றிச் சொல்வதென்றால் வரவு, செலவு இரண்டையும் சொல்லித்தான் பழக்கம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் நாள் இருக்கிறது, அவசரமானால் முழு விலைக்கு டிக்கெட் வாங்கப் பணம் தனியே இருக்கிறது, உடம்பு ஒத்துழைக்கிறது என்றால் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் பேசாமல் சாதாரண டிக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள்.

இது என்ன ஏற்பாடு என்று தெரியாதவர்களுக்கு: விமானத்தில் விற்காமல் போகும் இருக்கை, கதவு மூடிய பிறகு யாருக்கும் பயன்படாது. அதை ஊழியர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் சொற்ப விலையில், பல நேரம் வரிகளுக்கு மட்டும் கொடுத்துவிடுகிறார்கள். முன்பதிவு கிடையாது, இடம் மிஞ்சினால்தான் ஏறலாம். இதைத்தான் 'ஸ்டாண்ட்பை' என்கிறார்கள். 'லிஸ்ட்' மட்டும் செய்யலாம், அதாவது இந்த விமானத்தில் இடம் இருந்தால் நாங்கள் வருகிறோம் என்று பெயர் கொடுத்து வைப்பது. நம் ரயில் வெயிட்டிங் லிஸ்ட்டைப் போலத்தான், ஆனால் வரிசை எண் நின்ற இடத்தில் நிற்காது. நம்மைவிட மூத்த ஊழியர் ஒருவர் கடைசி அரை மணி நேரத்தில் பெயர் கொடுத்தால் நாம் ஒரு படி கீழே போய்விடுவோம். சில நிறுவனங்களில் வேலைக்குச் சேர்ந்த தேதியை வைத்து மூப்பு. சிலவற்றில் புறப்படுவதற்கு 24 மணி நேரத்துக்கு முன் செக்-இன் திறக்கும்போது யார் முந்திக்கொண்டார்களோ அவர்கள். மகள் வேலை செய்யும் இடத்தில் அவளும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஒரு படி, பெற்றோர் நாங்கள் அதற்கு அடுத்த படி, நண்பர்களுக்கான பாஸ் எல்லாவற்றுக்கும் கீழே.

இது அவள் நிறுவனத்து விமானங்களுக்கு. சென்னைக்கு அந்த நிறுவனம் வருவதில்லை. அதனால் இந்தப் பக்கத்துப் பாதிப் பயணம் வேறு நிறுவனங்களில்தான். விமான நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, அடுத்தவர் ஊழியரையும் குறைந்த கட்டணத்தில் ஏற்றிக்கொள்கின்றன. இதற்கு 'ஸெட்' என்று பெயர். தூரத்தை மண்டலங்களாகப் பிரித்து, மண்டலத்துக்கு இவ்வளவு என்று கட்டணம். குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்று நிலைகள் உண்டு, எந்த நிலை என்பது அந்தந்த ஒப்பந்தத்தைப் பொறுத்தது. மகள் 'மைஐடிடிராவல்' என்ற தளத்தில் எங்கள் பெயரில் வாங்கி அனுப்பிவிடுவாள். நாளை பறப்பதென்றாலும் இன்று வாங்கினால் அதே விலை. ஏற முடியாவிட்டால் அடுத்த நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம், பயன்படுத்தாத டிக்கெட்டுக்குப் பணம் திரும்ப வரும். நாங்கள் கொடுத்தது சாதாரண விலையில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு.

'ஃப்ரீ' என்று சொல்கிறவர்கள் வரிகளை மறந்துவிடுகிறார்கள். லண்டன் வழியாகப் போனால் இது நன்றாகவே தெரியும். சென்னையிலிருந்து லண்டனுக்கு ஒரு டிக்கெட், லண்டனிலிருந்து சிகாகோவுக்கு வேறொரு டிக்கெட் என்பதால், லண்டனில் புதிதாகப் பயணம் தொடங்குவதாகத்தான் கணக்கு. பிரிட்டன் அரசு விமானப் பயணிகள் வரி என்று ஒன்று வாங்குகிறது. 2025 ஏப்ரலில் வந்த விகிதப்படி அமெரிக்காவுக்கோ இந்தியாவுக்கோ சாதாரண வகுப்பில் போனால் தலைக்கு 90 பவுண்டு, மேல் வகுப்பில் 216 பவுண்டு என்று இருந்தது. ஊழியர் குடும்பம் என்பதற்காக இதில் விலக்கு இல்லை. விமானம் ஏறும் வாசலில், அதாவது கேட்டில், பிசினஸ் வகுப்பில் இடம் இருக்கிறது என்று கூப்பிட்டால் கால் நீட்டிப் படுக்கும் ஆசையில் தலையாட்டிவிடுவோம், வரி வித்தியாசம் பிறகு மகளின் சம்பளத்தில் பிடித்தமாகும். அதற்காக வேண்டாம் என்று சொல்லச் சொல்லவில்லை. முழங்கால் தேய்ந்த மனிதருக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் கால் நீட்டி வரக் கிடைத்தால், அந்தப் பணம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

வரி என்றதும் இன்னொரு விஷயம். அமெரிக்க வருமான வரிச் சட்டத்தில் 132-ஆவது பிரிவு, நிறுவனம் ஊழியருக்குத் தரும் இப்படிப்பட்ட சலுகைகளுக்கு வரி கிடையாது என்கிறது. ஊழியர், கணவன் அல்லது மனைவி, அவர்களை அண்டியிருக்கும் பிள்ளைகள் வரை அது பொருந்தும். விமானப் பயணத்துக்கு மட்டும் கூடுதலாக ஒரு விதி சேர்த்திருக்கிறார்கள்: ஊழியரின் தாயோ தந்தையோ பறந்தால் ஊழியரே பறந்ததாகக் கொள்ள வேண்டும். அதாவது நாங்கள் போய்வருவதால் மகளுக்கு வரிச் சுமை இல்லை. நண்பரையோ சித்தப்பா மகனையோ அனுப்பினால், அந்தச் சலுகையின் மதிப்பு அவள் வருமானத்தில் சேரும். தெரிந்தவர்கள் "எங்களுக்கும் ஒன்று போடச் சொல்லுங்களேன்" என்று கேட்கும்போது நான் இதைத்தான் சொல்வேன். பாஸைக் காசுக்குக் கொடுத்தால் வேலையே போய்விடும் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். அதன் பிறகு யாரும் வற்புறுத்துவதில்லை.

இனி காத்திருப்பு. இந்தச் சேவையின் உண்மையான விலை இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கிளம்புவதற்குப் பத்து நாளுக்கு முன்பே மகள் 'லோடு' பார்க்கத் தொடங்கிவிடுவாள். எத்தனை இருக்கை, எத்தனை விற்றிருக்கிறது, எத்தனை பேர் லிஸ்ட்டில் என்பதுதான் லோடு. தன் நிறுவனத்து விமானம் என்றால் அவளுக்கே தெரியும். வேறு நிறுவனம் என்றால் 'ஸ்டாஃப் டிராவலர்' என்ற செயலியில் கேட்பாள். அதில் அந்தந்த நிறுவனத்து ஊழியர்கள் பார்த்துப் பதில் போடுகிறார்கள். மற்றவர் கேள்விக்குப் பதில் சொன்னால் நமக்குப் புள்ளி சேரும், கேட்பதற்கு அந்தப் புள்ளியைச் செலவழிக்க வேண்டும். முகம் தெரியாத யாரோ ஒருவர் தன் வேலைக்கு நடுவில் "இன்று 18 காலி, லிஸ்ட்டில் 11" என்று எங்களுக்காகப் பார்த்துச் சொல்கிறார் என்பது எனக்கு இன்றும் நெகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது.

ஆனால் அந்த 18 மறுநாள் நாலாக ஆகலாம். முந்தைய விமானம் ரத்தானால் அதில் இருந்த அத்தனை பேரையும் அடுத்ததில்தான் ஏற்றுவார்கள், காலி இடம் எல்லாம் போய்விடும். எதிர்மாறாகவும் நடக்கும். வேறு ஊரிலிருந்து வரும் இணைப்பு விமானம் தாமதமாகி இருபது பேர் வந்து சேராமல் போனால், நிறைந்து வழிந்த விமானத்தில் கடைசிக் கால் மணி நேரத்தில் வரிசையாகப் பெயர் கூப்பிடுவார்கள். அதனால் லோடு மோசமாக இருக்கிறது என்று கேட்டை விட்டுப் போய்விடக் கூடாது. கதவு மூடும்வரை இருக்க வேண்டும். அமெரிக்காவுக்குள் பறப்பதென்றால் அன்றைய முதல் விமானத்துக்குப் போவது நல்லது. இடம் கிடைக்காவிட்டாலும் பெயர் தானாக அடுத்த விமானத்துக்கு மாறும், நாள் முழுக்க வாய்ப்பு இருக்கும்.

காலியாக இருக்கை தெரிந்தும் ஏற்றாமல் விடுவதும் உண்டு. முதல் தடவை பார்ப்பவருக்கு இது பெரிய அநியாயமாகப் படும். இதைத்தான் என் மகள் தினமும் கணக்குப் பார்க்கிறாள் என்பதால் எனக்குப் புரியவைத்தாள். எதிர்க்காற்று பலமாக இருக்கிறது என்றால் எரிபொருள் அதிகம் ஏற்ற வேண்டும். கடுமையான வெயில் நாளில் காற்று அடர்த்தி குறைந்து, ஓடுபாதையிலிருந்து தூக்கக்கூடிய எடை குறையும். சுற்றுவழியில் போக வேண்டியிருந்தாலும் இதே கதை. 2022-இல் ரஷ்யா தன் வான்வழியை அமெரிக்க விமானங்களுக்கு மூடிய பிறகு இந்தியாவுக்கு நேரடியாகப் பறந்துகொண்டிருந்த சில தடங்கள் நின்றே போயின. எடை குறைக்க வேண்டும் என்றால் முதலில் கைவைப்பது எங்களைப் போன்ற ஸ்டாண்ட்பை ஆட்கள் மேல். பணம் கொடுத்தவரையும் அவர் பெட்டியையும் விட்டுவிட்டு எங்களை ஏற்ற முடியாது, அது நியாயமும்தான்.

சென்னையில் காத்திருப்பது வேறு மாதிரி. அமெரிக்காவில் பாதுகாப்புச் சோதனை எல்லாம் முடித்துக் கேட்டில் உட்காரலாம், எதிரே திரையில் வரிசை தெரியும். சென்னையில் எங்களைக் கவுன்டரிலேயே நிறுத்தி வைத்தார்கள். விமானம் புறப்பட ஒரு மணி நேரம் இருக்கும்போது கவுன்டர் மூடுவார்கள், அப்போதுதான் போர்டிங் பாஸ் உண்டா இல்லையா என்று தெரியும். உண்டு என்றால் குடியேற்றச் சோதனை, பாதுகாப்புச் சோதனை, நடை எல்லாவற்றையும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். நடுராத்திரியில், அறுபதைத் தாண்டியவர்கள் செய்ய வேண்டிய ஓட்டம் இது. உடம்பு ஒத்துழைக்க வேண்டும் என்று மேலே சொன்னது இதற்குத்தான். சக்கர நாற்காலி கேட்கலாம், ஆனால் பாஸ் கையில் வந்த பிறகுதான் ஆளைக் கூப்பிடுவார்கள், அவர் வருவதற்குள் நெஞ்சு படபடக்கும்.

சென்னையிலிருந்து ஐரோப்பாவுக்கு நேராகப் போகும் விமானங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், ஒவ்வொன்றும் நாளுக்கு ஒன்றுக்கு மேல் இல்லை. இன்று விட்டால் நாளைதான். குரோம்பேட்டையில் என் தம்பி வீடு இருக்கிறது, அந்தத் தைரியத்தில்தான் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் கிளம்பி வருகிறோம். ராத்திரி இரண்டு மணிக்கு "இடம் இல்லைடா" என்று போன் செய்தால் கதவைத் திறந்து, பாயைப் போட்டு, காலையில் "நாளைக்கு லோடு எப்படிக்கா இருக்கு?" என்று கேட்கிற ஒரு வீடு. அப்படி யாரும் சென்னையில் இல்லாதவர்கள் ஓட்டல் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அல்லது டில்லிக்கோ மும்பைக்கோ சாதாரண டிக்கெட்டில் போய்விட்டு அங்கிருந்து ஸ்டாண்ட்பையில் முயலலாம். மேற்கே போகும் விமானங்கள் அங்கே நிறைய. சென்னை லோடு மோசமாக இருந்தபோது நாங்கள் அப்படியும் போயிருக்கிறோம், மனப் பதற்றம் பாதியாகக் குறைந்தது.

எந்த ஊரில் மாட்டிக்கொள்ளப்போகிறோம் என்பதையும் முன்பே யோசிக்க வேண்டும். நம் கையில் இந்தியக் கடவுச்சீட்டு. ஃப்ராங்ஃபர்ட்டில் அடுத்த விமானத்தில் இடம் கிடைக்கவில்லை என்றால், ஷெங்கன் விசா இல்லாமல் விமான நிலையத்தை விட்டு வெளியே வர முடியாது, நாற்காலியில்தான் ராத்திரி. இதனால்தான் நாங்கள் பிரிட்டன் விசிட்டர் விசா வாங்கி வைத்துக்கொண்டு லண்டன் வழியைப் பிடித்தோம். அங்கிருந்து சிகாகோவுக்கு நாளுக்குப் பல விமானங்கள். கிடைக்காவிட்டால் வெளியே வந்து ஒரு அறை எடுத்துக் குளித்துப் படுக்கலாம். துபாயும் தோது: அமெரிக்க விசா உள்ள இந்தியர்களுக்கு அங்கே இறங்கியதும் விசா தருகிறார்கள். விசாவுக்குக் கட்டும் பணமும் இந்தச் சலுகையின் செலவில் ஒரு பகுதிதான்.

இன்னொன்று, நம் ஊர்ப் பெயர் விவகாரம். என் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இருக்கும் இடத்தில் வீட்டுக்காரர் பெயர் இருக்கிறது. அவருடையதில் அவர் அப்பா பெயர். கேட்டில் தெரியும் திரையில் குடும்பப் பெயரின் முதல் சில எழுத்துகள்தான் வரும். எங்கள் இருவர் பெயருக்கும் சம்பந்தமே இருக்காது. கேட்டில் இருப்பவருக்கு நாங்கள் தம்பதி என்று தெரிய வழியில்லை. இருவரையும் ஒரே பதிவு எண்ணில் லிஸ்ட் செய்யச் சொல்லுங்கள். தமிழ்க் குடும்பங்களுக்கு இது முக்கியம், ஏனென்றால் எங்களில் பாதிப் பேருக்கு மேல் இப்படித்தான் பெயர்.

ஒரே பதிவில் இருந்தாலும் ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது என்ற நிலை வரும். லண்டனில் எங்களுக்கு வந்தது. ஒருவர் போகிறீர்களா, இருவரும் நிற்கிறீர்களா என்று கேட்டார்கள். யோசிக்கக் கொடுத்த நேரம் ஒரு நிமிடம் இருக்கும். "நீ போ, நான் அடுத்ததுல வர்றேன்" என்றார் வீட்டுக்காரர். பி.எச்.இ.எல்.-லில் காலமெல்லாம் ஷிஃப்ட் பார்த்தவர், அவருக்குக் காத்திருப்பது பெரிதில்லை. நான் ஏறிவிட்டேன், அவர் சாயங்கால விமானத்தில் வந்தார். இப்படி நடந்தால் என்ன செய்வது என்று திருச்சியிலேயே பேசி வைத்திருந்தோம்: அவரவர் மாத்திரை அவரவர் பையில், அவரவர் கடவுச்சீட்டு, கார்டு, சார்ஜர், மகள் முகவரி எழுதிய தாள் அவரவரிடம். தம்பதியாகப் போகிறவர்கள் கட்டாயம் இதைச் செய்யுங்கள். தனியாக ஒரு விமான நிலையத்தில் இருக்கத் தயங்குகிறவரைக் கூட்டிக்கொண்டு இந்தப் பயணத்துக்குப் போகாதீர்கள்.

பெட்டி விஷயத்தில் நம் அம்மாக்களுக்கு மனசு கேட்காது. ஆனால் செக்-இன் பெட்டி கொண்டு போகாமல் இருப்பதுதான் நல்லது. கடைசி நிமிடத்தில் விமானம் மாறும், வழி மாறும், பெட்டி ஒரு ஊரில் நாம் ஒரு ஊரில் என்றாகும். கைப்பையோடு மட்டும் போனால் ஊறுகாய் போகாது, திரவம் நூறு மில்லிலிட்டருக்கு மேல் விடமாட்டார்கள். பொடியும் 2018-இலிருந்து அமெரிக்கா செல்லும் விமானங்களில் 350 மில்லிலிட்டருக்கு மேல் இருந்தால் தனியாகப் பிரித்துச் சோதிக்கிறார்கள், திருப்தி இல்லையென்றால் உள்ளே அனுப்புவதில்லை. சாம்பார்ப் பொடி, பருப்புப் பொடி, ரசப்பொடி எல்லாவற்றையும் சிறு பொட்டலங்களாகக் கட்டுங்கள். சைவச் சாப்பாட்டுக்கு முன்கூட்டிச் சொல்லி வைக்கும் வசதியும் ஸ்டாண்ட்பைக்கு இல்லை. மிளகாய்ப்பொடி தடவிய இட்லிதான் எனக்கு எப்போதும், இறங்குவதற்கு முன் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும்.

உடை, நடத்தை இரண்டிலும் கவனம் தேவை. 2017 மார்ச்சில் டென்வரில் யுனைடெட் விமானத்தில் ஊழியர் பாஸில் வந்த டீன் ஏஜ் பெண்கள் இருவரை, லெக்கிங்ஸ் அணிந்திருந்தார்கள் என்று ஏற்ற மறுத்த செய்தி உலகமெல்லாம் ஓடியது. அதன் பிறகு பல நிறுவனங்களில் விதி தளர்ந்துவிட்டது, இருந்தாலும் சுத்தமான, ஒழுங்கான உடை என்ற எதிர்பார்ப்பு இருக்கிறது. எனக்குப் பருத்திச் சேலை, அவருக்குப் பேன்ட் சட்டை, போதும். கவுன்டரில் குரல் உயர்த்தினாலோ வாக்குவாதம் செய்தாலோ அது மகளின் பெயரில் புகாராகப் போகும், சலுகையை நிறுத்தியும் வைப்பார்கள். ஒரு கவுன்டரில் எங்களிடம் மிகக் கடுமையாகப் பேசிய ஊழியரிடம்கூட நான் பதில் பேசவில்லை. மனசு வலித்தது. பணம் கொடுத்த பயணிக்கு இருக்கும் உரிமை நமக்கு அங்கே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிமுறை, விமானம் தாமதமானால், ஏற்ற மறுத்தால் பயணிக்கு இழப்பீடு, சாப்பாடு, தங்குமிடம் என்கிறது. ஆனால் பொதுமக்களுக்குக் கிடைக்காத குறைந்த கட்டணத்தில் போகிறவர்களுக்கு அது பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது.

எப்போது போவது என்பதற்கு எங்கள் அனுபவத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. கூட்டம் இரு பக்கமும் ஒரே நேரத்தில் வருவதில்லை. ஆகஸ்டில் மாணவர்கள் கல்லூரி சேர அமெரிக்கா போவார்கள், ஜனவரி முதல் பாதியில் விடுமுறைக்கு ஊருக்கு வந்தவர்கள் திரும்புவார்கள். அப்போது இங்கிருந்து கிளம்பவே கூடாது. மே, ஜூனிலும் டிசம்பர் நடுவிலும் அங்கிருந்து இங்கே வருவது கஷ்டம். பிப்ரவரி, மார்ச்சிலும் செப்டம்பர் கடைசியிலும் இடம் நன்றாகவே கிடைக்கிறது. முன்பெல்லாம் இவ்வளவு பார்க்க வேண்டியிருக்கவில்லை என்று மகளின் மூத்த சகாக்கள் சொல்கிறார்களாம். 1970-களில் அமெரிக்க விமானங்களில் பாதிக்குச் சற்று மேல்தான் இருக்கைகள் நிறையும். இன்று நூற்றுக்கு எண்பதுக்கு மேல் நிறைகின்றன. சலுகை அதேதான், மிஞ்சும் இருக்கைகள்தான் குறைந்துவிட்டன.

மகள் பிரசவத்துக்கு நாங்கள் இதை நம்பிப் போகவில்லை. சாதாரண டிக்கெட் வாங்கி, தேதி உறுதி செய்துகொண்டு போனோம். கல்யாணம், பிரசவம், ஆபரேஷன், இந்த நாளில் அங்கே இருந்தாக வேண்டும் என்ற எதற்கும் ஸ்டாண்ட்பை வேண்டாம். கையில் பணம் இருந்தும் சலுகை இருக்கிறதே என்று முயன்று, லண்டன் விமான நிலையத்தில் அழுதுகொண்டு நின்ற ஒரு தாயைப் பார்த்திருக்கிறேன். அன்று அவர் பெண்ணுக்கு வளைகாப்பு.

ஆனால் இந்தச் சலுகை இல்லாவிட்டால் முடிந்தே இருக்காது என்ற சமயமும் எங்களுக்கு வந்தது. நாங்கள் சிகாகோவில் இருந்தபோது வீட்டுக்காரரின் அண்ணன் தவறிவிட்டார். எடுப்பதற்குள் வந்து சேர வழியில்லை என்பது தெரிந்துவிட்டது. பதினாறாம் நாள் காரியத்துக்குப் போக வேண்டும். அந்த வாரம் விற்ற டிக்கெட் விலை எங்கள் ஓய்வூதியத்துக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. ஸ்டாண்ட்பைக்கு நேற்றும் இன்றும் ஒரே விலை, தேதியும் தேவையில்லை. கைவசம் நாள் இருந்ததால் ஒரு இடத்தில் காத்திருந்து, வழி மாறி, காரியத்துக்கு முன்பே திருச்சி வந்து சேர்ந்தோம். அவர் அண்ணன் பிள்ளைகளோடு உட்கார்ந்து எல்லாம் செய்தார். அதற்காக மகளின் நிறுவனத்துக்கு நான் மனதார நன்றி சொல்கிறேன்.

பெரிய லாபம் விலையில் இருக்கிறது என்று கிளம்பும்போது நினைத்தோம். இப்போது யோசித்தால், திரும்பும் தேதி இல்லாமல் போக முடிவதுதான் லாபம். பேரனுக்குக் காய்ச்சல் என்றால் இன்னும் பத்து நாள் இருக்கலாம், இங்கே வீட்டில் வேலை இருந்தால் நாளைக்கே லிஸ்ட் செய்யலாம். யாரிடமும் அபராதம் கட்ட வேண்டாம். இதில் ஒரு சிறு சிக்கல், அமெரிக்காவில் இறங்கும்போது குடியேற்ற அதிகாரி திரும்பும் டிக்கெட் எங்கே என்று கேட்கலாம். எங்களிடம் கேட்டபோது மகளின் நிறுவனக் கடிதத்தையும், நாங்கள் ஸ்டாண்ட்பையில் வருகிறோம் என்ற விளக்கத்தையும் காட்டினோம், விட்டுவிட்டார். திருச்சி வீட்டு வரி ரசீது, ஓய்வூதியப் புத்தகம் போன்றவற்றையும் பையில் வைத்திருங்கள்.

குறை என்று நான் உண்மையாகவே வருந்துவது ஒன்றுதான். மகளின் நிறுவனத்தில் ஊழியரின் அப்பா அம்மாவுக்கு இந்தச் சலுகை உண்டு, மாமனார் மாமியாருக்குக் கிடையாது. கோயம்புத்தூரில் இருக்கும் எங்கள் சம்பந்தி வருவதென்றால் முழு விலை கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் எண்ணிக்கை வைத்துத் தரும் நண்பர் பாஸில், வரிசையின் கடைசியில் நின்று, மகளுக்கு வரியும் ஏற்றிவிட்டு வர வேண்டும். அவர்களுக்கும் அவன் பேரன்தான். சம்பந்தி அம்மா ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை, சொல்லாததால்தான் எனக்கு அதிகமாக உறுத்துகிறது. நம் வீடுகளில் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் சேர்ந்துதான் பேரப்பிள்ளையை வளர்க்கிறோம். ஊழியர்களிடம் ஆண்டுதோறும் கருத்துக் கேட்கும் படிவத்தில் மகள் இதை எழுதி வருகிறாள். விமான நிறுவனங்களில் வேலை பார்க்கும் மற்ற பிள்ளைகளும் தங்கள் நிறுவனத்தில் கேளுங்கள். கேட்கும் கை அதிகமானால் விதியை மாற்றலாம்.